அவுட்போர்டு இன்ஜினுக்கு எந்த பேட்டரி? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மன்னார் வளைகுடா ஓரத்தில், படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களுக்கு சர்வீஸ் செய்கிறேன். கயிறு இழுக்கும் இன்ஜினை விட்டுச் சாவி திருப்பும் இன்ஜினுக்கு மாறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே போன் செய்வது பேட்டரிக்காகத்தான். புதிதாக வாங்கிய பேட்டரி ஆறே மாதத்தில் படுத்துவிட்டது என்று வருகிறவர்களும் நிறைய. அதே சந்தேகங்களுக்கு அதே பதில்களைச் சொல்லிக்கொண்டே இருப்பதால், எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ரோட்டில் செல்ஃப் எடுக்காவிட்டால் வண்டியைத் தள்ளலாம். கடலில் காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும்போது தள்ள ஆள் கிடையாது. அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகவே படியுங்கள்.

அண்ணே, என் 9.9 எச்.பி. இன்ஜின் கயிறு இழுத்துதான் ஸ்டார்ட் ஆகுது. எனக்கு பேட்டரி வேணுமா?

ஸ்டார்ட் செய்ய வேண்டாம். உங்கள் இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் காந்தமும் காயிலுமே பிளக்குக்குத் தேவையான தீப்பொறியைக் கொடுத்துவிடும். விளக்கு, ஜி.பி.எஸ்., மீன் காட்டும் கருவி என்று வைத்திருந்தால் அதற்கு மட்டும் ஒரு பேட்டரி போதும். அதற்கு ஸ்டார்ட்டிங் பேட்டரி தேவையில்லை, வேறு வகை. ஏன் என்பதை இன்வெர்ட்டர் பேட்டரி பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

நம் பக்கம் பைபர் போட்டில் மாட்டும் அவுட்போர்டு எல்லாமே 12 வோல்ட். 24 வோல்ட் என்பது லாரியிலும் பெரிய டீசல் இன்ஜின்களிலும் வருவது. மறந்தும் இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்து 24 ஆக்கி மாட்டிவிடாதீர்கள். செல்ஃப் மோட்டார் மட்டுமல்ல, கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிற இன்ஜினாக இருந்தால் அதுவும் போய்விடும்.

கடையில எத்தனை ஏ.எச்.னு கேக்குறாங்க. இன்ஜின் புக்குல சி.சி.ஏ.ன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணா?

ஒன்றில்லை. பேட்டரி வாங்குவதில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஏ.எச்., அதாவது ஆம்பியர் அவர், என்பது தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் கணக்கு. சி.சி.ஏ., அதாவது கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ், என்பது குழாயைத் திறந்தால் ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கொட்டும் என்ற கணக்கு. 70 ஏ.எச். பேட்டரி என்றால் மூன்றரை ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று பொருள். ஒரே வீச்சில் 200 ஆம்பியர் கொடுக்குமா என்பதை அந்த எண் சொல்லாது.

சி.சி.ஏ.வை அளக்கும் விதம் இது: பேட்டரியை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, 30 விநாடி முழுக்க ஓடவிடுவார்கள். வோல்ட்டேஜ் 7.2க்குக் கீழே போகாமல் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் தர முடிகிறதோ அதுதான் சி.சி.ஏ. செல்ஃப் அடிக்கத் தேவை இந்த வேகம்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுத்து 5 விநாடி சுற்றினாலும் செலவாவது 0.2 ஏ.எச். மட்டுமே. தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் குறைந்த மாதிரிதான். ஆனால் அந்த ஒரு சொம்பை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும்.

அதனால் கடைக்குப் போகும்போது இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு போங்கள். யமஹா எஃப்60 போன்ற நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினின் கையேட்டில் குறைந்தது 430 சி.சி.ஏ., 70 ஏ.எச். என்று இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தி இன்னொன்று குறைந்தால் அது உங்கள் இன்ஜினுக்கான பேட்டரி அல்ல.

என்.எஸ். 60ன்னு ஒரு பேட்டரி விலை கம்மியா இருக்கு. 60 ஏ.எச். தானே, வாங்கிரலாமா?

அந்த 60 ஏ.எச். கணக்கு இல்லை, பெட்டியின் அளவைக் குறிக்கும் பெயர். நம் ஊர்க் கடைகளில் என்.எஸ். 60 என்று விற்பதன் கொள்ளளவு பொதுவாக 45 ஏ.எச்.தான். பெயரில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள். பேட்டரியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஏ.எச். தனியாகவும் சி.சி.ஏ. தனியாகவும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சி.சி.ஏ. அச்சிடவில்லை என்றால் கம்பெனியின் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டவணையும் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

எம்.சி.ஏ.ன்னும் ஒரு எண் போட்டிருக்கே?

அது மெரைன் கிராங்கிங் ஆம்ப்ஸ், போட்டுக்கென்று விற்கும் பேட்டரிகளில் வருவது. அதே சோதனையை 0 டிகிரியில் செய்து எடுத்த எண். குளிர் குறைவு என்பதால் எண் பெரிதாக வரும், ஏறக்குறைய கால் பங்கு கூடுதலாக. 500 எம்.சி.ஏ. பேட்டரியில் உண்மையில் இருப்பது சுமார் 400 சி.சி.ஏ.தான். கையேடு 430 சி.சி.ஏ. கேட்டால் இது பத்தாது. எந்த எழுத்தைக் கேட்கிறதோ அந்த எழுத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நம்ம ஊர்ல பனியா கொட்டுது? சூட்டுல இருக்குற நமக்கு அவ்வளவு சி.சி.ஏ. எதுக்கு?

நியாயமான கேள்வி. 30 டிகிரியில் அதே பேட்டரி ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும், ஆயிலும் இளகி இருக்கும். அந்த அளவில் நமக்கு லாபம்தான். ஆனால் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது. தோராயமாக 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. புதிதில் 430 இருந்தது இரண்டாம் வருஷம் 300க்கு வந்து நிற்கலாம். தொடக்கத்திலேயே குறைவாக வாங்கினால் தேய்வதற்கு மிச்சமே இருக்காது.

இரண்டாவது, இன்றைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் செல்ஃப் சுற்றும் அதே நேரத்தில் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் வோல்ட்டேஜ் சடாரென்று கீழே போகும். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் மட்டும் பிடிக்காது. கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பழகிய கை உடனே பெட்ரோலைச் சந்தேகப்படும், ஃபில்டரை மாற்றும். பழுது பேட்டரியில் இருக்கும்.

கேட்டதைவிடப் பெரிய பேட்டரி போட்டா இன்ஜின் எரிஞ்சிருமா?

எரியாது. செல்ஃப் மோட்டார் தனக்கு வேண்டிய ஆம்பியரைத்தான் இழுக்கும், 1000 சி.சி.ஏ. இருந்தாலும் அவ்வளவையும் உள்ளே தள்ளாது. சிக்கல் வேறு இடத்தில். பெரிய பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்துவிட்டால் சிறிய இன்ஜினின் சார்ஜிங் காயிலால் அதை நிரப்ப முடியாது. 6 ஆம்பியர் தரும் காயிலை 100 ஏ.எச். பேட்டரியில் மாட்டினால் நாள் முழுக்க ஓடினாலும் நிறையாது. அதுவும் அந்த 6 ஆம்பியர் முழு வேகத்தில் வருவது, மெதுவாக ஓடும்போது அதில் பாதிகூடத் தேறாது. எடையையும் பாருங்கள். பின்பக்கம் 10 கிலோ கூடினால் சின்ன போட்டில் அது தெரியும்.

காரு பேட்டரி சும்மா கெடக்கு. அதைப் போட்டா ஓடுமா?

எண்கள் பொருந்தினால் ஓடும். காரிலும் செல்ஃப் அடிக்கும் வேலைதான், 12 வோல்ட்தான். ஆனால் எவ்வளவு நாள் ஓடும் என்பது வேறு கேள்வி. அலையில் போட் எழும்பி விழும் ஒவ்வொரு தடவையும் பேட்டரிக்கு உள்ளே இருக்கும் தட்டுகள் அதிரும். கார் பேட்டரியின் தட்டுகள் ரோட்டுக் குலுக்கலுக்குச் செய்தவை. போட்டுக்கென்று வருவதில் தட்டுகளை இறுக்கிப் பிடித்திருப்பார்கள், அதிர்வில் உதிராது.

கரையை ஒட்டிப் போய் மதியத்துக்குள் திரும்புகிற போட்டுக்கு நல்ல நிலையில் இருக்கும் கார் பேட்டரியைப் போடுவதை நான் தடுப்பதில்லை. இரவு தங்கல் போகிறவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். காரில் இருந்து கழற்றிய பழைய பேட்டரி யாருக்குமே வேண்டாம்.

வீட்ல 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கு. அது இன்னும் பவர்தானே?

தொட்டி பெரியது, குழாய் சின்னது. மூன்றாம் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இதில் நன்றாகத் தெரியும். இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் கொடுக்கச் செய்தது. அதன் தட்டுகள் தடிமன். ஸ்டார்ட்டிங் பேட்டரியில் மெல்லிய தட்டுகள் நிறைய இருக்கும், ஆசிட் படும் பரப்பு அதிகம், அதனால்தான் சட்டென்று கொட்ட முடிகிறது. அதே மெல்லிய தட்டு, விளக்கு எரித்து எரித்துக் காலி செய்தால் சீக்கிரம் உதிர்ந்துபோகும்.

அதனால் செல்ஃபுக்கு ஸ்டார்ட்டிங் வகை, விளக்குக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் ஆழமாகக் காலி செய்யக்கூடிய டீப் சைக்கிள் வகை. இரண்டும் சேர்ந்த டூயல் பர்ப்பஸ் என்று ஒன்று வருகிறது. இடமில்லாத போட்டுக்கு அது பரவாயில்லை, ஆனால் அதிலும் சி.சி.ஏ. எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தண்ணி ஊத்துறதா, மெயின்டெனன்ஸ் ஃப்ரீயா, ஏ.ஜி.எம்.மா? எது நல்லது?

ஏ.ஜி.எம். என்பது ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய பேட்டரி. முதலில் உங்கள் இன்ஜின் எத்தனை வோல்ட்டில் சார்ஜ் செய்கிறது என்று பாருங்கள். நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி டெர்மினலில் மல்ட்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் மூன்றில் எதுவும் போடலாம். பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் மட்டும் இருக்கும். அதில் 15, 16 என்று ஏறும். அதற்கு மூடிய பேட்டரி கூடவே கூடாது, உள்ளே கொதித்து வற்றினால் தண்ணீர் ஊற்ற வழியில்லை. மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வகைதான் அதற்குத் தோது. ஜெல் பேட்டரி அதிக வோல்ட்டேஜை இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகத் தாங்கும்.

ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்கிற இன்ஜினுக்கு என் ஓட்டு ஏ.ஜி.எம்.முக்குத்தான். விலை கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் சாய்ந்தாலும் ஆசிட் சிந்தாது, அதிர்வைத் தாங்கும், சும்மா கிடந்தாலும் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். சில பெரிய இன்ஜின்களின் கையேடு ஏ.ஜி.எம். மட்டும்தான் போட வேண்டும் என்றே சொல்கிறது. அப்படி இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

லித்தியம் எடை கம்மின்னு சொல்றாங்களே?

எடை குறைவு என்பது உண்மை. ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் ஒரு காவல் சர்க்யூட் இருக்கும். கரண்ட் எல்லை மீறினாலோ, பேட்டரி நிறைந்து வோல்ட்டேஜ் ஏறினாலோ தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது துண்டித்தால் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். இன்ஜின் ஓடும்போது துண்டித்தால் சார்ஜிங் காயிலின் கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறி ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் போகலாம்.

இன்ஜின் கம்பெனி லித்தியத்தை ஏற்கிறது என்று கையேட்டில் இருந்து, பேட்டரியும் ஸ்டார்ட்டிங்குக்கென்றே செய்ததாக இருந்தால் போடுங்கள். சோலாருக்கு விற்கும் லித்தியத்தை வாங்கி இன்ஜினில் மாட்ட வேண்டாம்.

பழைய பேட்டரி அளவுலயே வாங்கினேன், ஆனா வயர் எட்டல. ஏன்?

பிளஸ் டெர்மினல் மறுபக்கம் இருந்திருக்கும். ஒரே அளவு பேட்டரியே இடது, வலது என்று இரண்டு விதமாக வருகிறது. பெயரின் கடைசியில் இருக்கும் எல், ஆர் எழுத்தை வைத்துக் குழம்புவதைவிட, பழைய பேட்டரியை டெர்மினல் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்து போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வயர் எட்டவில்லை என்று பேட்டரியைத் திருப்பிவைத்து அவசரத்தில் சிவப்பை மைனஸில் மாட்டினால், தொட்ட நொடியில் ரெக்டிஃபையர் காலி. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். கழற்றும்போது கறுப்பு முதலில்.

எல்லாம் சரியாத்தான் வாங்கினேன். புது பேட்டரி. சாவியத் திருப்புனா 'டிக் டிக்'குங்குது, சுத்த மாட்டேங்குது.

போன ஐப்பசியில் இப்படித்தான் ஒருவர் வந்தார். ஒரே வருஷத்தில் மூன்றாவது பேட்டரி. மீட்டர் வைத்தேன், 12.6 காட்டியது, நிறைந்த பேட்டரி. சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரியின் ஈயக் குமிழில் 11.9க்குத்தான் இறங்கியது. அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் முனையில் அளந்தால் 7.8. நான்கு வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது. வயரை இறுக்கியிருந்த இறக்கை நட்டைக் கழற்றினேன். வெளியே பளபளவென்று இருந்தது. அடியில் வயரின் வளையம் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்புக் கம்பி ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப் போயிருந்தது.

உப்புக் காற்று வயருக்குள் ஏறும். அதனால் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி வாங்குங்கள். இறக்கை நட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறுமுக நட்டையும் ஸ்பிரிங் வாஷரையும் போட்டு ஸ்பேனரால் இறுக்குங்கள். கையால் இறுக்கியது அலையில் தளரும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், முதலில் தடவிவிட்டு இறுக்காதீர்கள்.

அப்புறம் வயரின் தடிமன். எடை சமமாகட்டும் என்று பேட்டரியை முன்பக்கம் நகர்த்துகிறவர்கள் பழைய வயரோடு இன்னொரு துண்டை ஒட்டுகிறார்கள். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் மொத்தம் 6 மீட்டர். 200 ஆம்பியர் ஓடும்போது 16 சதுர மி.மீ. வயரில் 1.3 வோல்ட் வீணாகும். 25 என்றால் 0.8. 50 என்றால் 0.4. பேட்டரியைத் தள்ளி வைத்தால் வயரைத் தடிமனாக்க வேண்டும், வேறு வழியில்லை.

ஜி.பி.எஸ்., வயர்லெஸ், வலை விளக்கு எல்லாம் ஒரே பேட்டரில ஓடுது. தப்பா?

இரவு முழுக்க எரித்தால் தப்பு. எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியர் என்று வைத்தாலும் 8 மணி நேரத்தில் 24 ஏ.எச். போய்விடும். விடியற்காலையில் வலையை இழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது பேட்டரியில் மிச்சம் இருப்பதுதான் உங்களைக் கரை சேர்க்க வேண்டும். செல்ஃபுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று என்று இரண்டு பேட்டரி வைத்து நடுவில் ஒரு செலக்டர் ஸ்விட்ச் போடுங்கள்.

ஆனால் இன்ஜின் ஓடும்போது அந்த ஸ்விட்சை ஆஃப் பக்கம் திருப்பக் கூடாது. லித்தியம் துண்டித்தால் என்ன ஆகும் என்று சொன்னேனோ அதேதான் நடக்கும். பழைய பேட்டரியையும் புதியதையும் நிரந்தரமாக இணைத்து வைக்கவும் வேண்டாம். பழையது புதியதை உறிஞ்சி இரண்டும் சேர்ந்து சாகும்.

பேட்டரிய எங்க வைக்கிறது?

பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி போதும். மூடியும் காற்று வழியும் உள்ள பெட்டியில் வைத்து, எந்தப் பக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் நகராதபடி பட்டையால் கட்டுங்கள். அடித்தளத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைக்கவே கூடாது. கடல் தண்ணீர் பேட்டரிக்குள் போனால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்கு ஆகாதது.

இன்ஜின் பழசு, கையேடு இல்ல. எத வச்சு வாங்குறது?

இன்ஜினைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு தகடு இருக்கும். அதில் இருக்கும் மாடல் எழுத்துகளை அப்படியே எழுதி டீலரிடம் கேட்டால் எண் கிடைக்கும். தகடு அரித்துப்போயிருந்தால், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டி, வேறொரு நல்ல பேட்டரியால் ஸ்டார்ட் செய்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். அதன் இரண்டரை மடங்குக்குக் குறையாத சி.சி.ஏ. வாங்கச் சொல்வது என் வழக்கம். சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால் பொருத்தம் சரி.

நடுக்கடல்ல பேட்டரி செத்துட்டா?

சாவியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். 5 விநாடிக்கு மேல் வேண்டாம், 10 விநாடி விட்டு அடுத்தது. டெர்மினலைக் கழற்றித் துடைத்து இறுக்குங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். விளக்கு, ஜி.பி.எஸ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டால் பேட்டரி கொஞ்சம் தேறி ஒரு தடவை சுற்றப் பார்க்கும். பக்கத்து போட்டின் பேட்டரியை இணைப்பதானால் பிளஸ்ஸுக்கு பிளஸ், கடைசிக் கறுப்பு வயரை மட்டும் பேட்டரியில் வைக்காமல் உங்கள் இன்ஜினின் உலோகப் பாகத்தில் வையுங்கள்.

பெரும்பாலான நடுத்தர இன்ஜின்களுக்கு மேல்மூடியைக் கழற்றிக் கயிறு சுற்றி இழுக்கும் வழி உண்டு. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள், இப்படி இழுக்கும்போது கியரில் இருந்தாலும் இன்ஜின் தடுக்காமல் ஸ்டார்ட் ஆகிவிடும். சட்டை நுனி, கழுத்துத் துண்டு எதுவும் சக்கரத்தின் பக்கம் தொங்கக் கூடாது. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் கயிறு இழுத்தும் பயனில்லாமல் போகலாம். சுசுகி டி.எஃப். 20ஏ போலச் சில மாடல்கள் மட்டும் பேட்டரியே இல்லாமல் கயிற்றில் பிடிக்கும்படி செய்தவை. உங்களுடையது எந்த ரகம் என்பதைக் கரையில் இருக்கும்போதே கையேட்டிலோ டீலரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கயிறும் 10, 12, 13 நம்பர் ஸ்பேனரும் போட்டிலேயே ஒரு டப்பாவில் கிடக்கட்டும்.